நூற்றைம்பது பீஸ்

அனுப்பர்பாளையம் தாண்டி எங்கள் கம்பெனிக்கு
ஐயாயிரம் பீஸுக்குக் குறைந்து ஆர்டர் வராது.
அன்றைக்கு வந்தது நூற்றைம்பது.
"இத்தனூண்டுக்கு ஸ்கிரீன் போட்டாக் கட்டுமுங்களா?"
என்றார் பிரிண்டிங் சென்னியப்பன்,
யாரையும் பார்க்காமல்.

கறுப்புப் பனியன். நெஞ்சில் ஒரு கொக்கு,
அதன் காலில் ரப்பர் பூட்ஸ்.
தலையில் புள்ளி வைத்த எழுத்துகளில் ஒரு பெயர்.
முதுகில் ஏழு ஊர், ஏழு தேதி.
ஏழில் இரண்டு ஒரே ஊர்.

செக்கிங் டேபிளில் என் நம்பர் பதினேழு.
ஊசி ஓட்டை, ஆயில் கறை, நூல் பிசிறு:
கண் தேடுவது எப்போதும் குற்றத்தைத்தான்.
கொக்கின் அலகில் மை வழிந்த பீஸ் ஒன்று
ரிஜெக்ட் பெட்டிக்குப் போகுமுன்
பெயரை ஒவ்வோர் எழுத்தாக
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

டீ டைம், பத்து நிமிஷம்.
போனில் கிடைத்துவிட்டது.
பாட்டுக்குக் கீழே எண்ணிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு.
எங்கள் பக்கம் கல்யாணமென்றால்
முதல் பந்திக்கே அதைவிடக் கூட்டம்.

நாலு பேர் என்று நினைக்கிறேன்.
பாடுகிறவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.
டிரம்ஸ்காரன் தகரக் கூரையில்
மழை பிடிக்கிற மாதிரி ஆரம்பித்து
நடுவில் தாளம் தப்பிவிடுகிறான்.
இரண்டு நிமிஷம் பதினாலாவது நொடியில்
யாரோ சிரிக்கிறார்கள்.
அந்தச் சிரிப்பை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

குற்றத்தை அப்படியே பாஸ் பண்ணிய ஆட்களை
அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன்.

அப்புறம் வாய் சும்மா இருக்குமா?
ஹாஸ்டலில் சாரதாமணிக்கு ஒரு காது கொடுத்தேன்.
"என்னடி, கடைசி பஸ்ஸ உட்டுப்போட்டு
அழுவறவங்களாட்டம் இருக்குது?"
இரண்டு பதினாலு வருமுன் கழற்றிவிட்டாள்.
டெய்லர் பூவாத்தாக்கா முழுசாகக் கேட்டார்,
மரியாதைக்கு.
"நல்லாத்தான் இருக்குது கண்ணு."
ஒறம்பரை வீட்டில்
உப்பில்லாத குழம்புக்குச் சொல்கிற அதே குரல்.

பாட்டைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்திருப்பது
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
காப்பித் தட்டோடு நிற்பதைவிடக் கஷ்டம்.
அங்கே வேண்டாமென்றால்
என்னைத்தான் வேண்டாமென்பார்கள்.
அது பரவாயில்லை.

கொஞ்ச நாளில் ஒரு வித்தை பிடிபட்டது.
'சூப்பரா இருக்கும்' என்று சொல்லக்கூடாது.
சிரிப்பு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவே கூடாது.
இயர்போனைக் கொடுத்துவிட்டு
பிசிறு வெட்டப் போய்விட வேண்டும்.

திலேஸ்வருக்கு அப்படித்தான் கொடுத்தேன்.
ஒடிசாக்காரன், பிரிண்டிங் டேபிள்.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது
'சித்த இருங்க'வும் கெட்ட வார்த்தைகளும்.
மை இழுத்துக்கொண்டே கேட்டவனுக்கு
இரண்டு பதினாலில் கை நின்றது.
பல்லெல்லாம் தெரியத் திரும்பிப் பார்த்தான்.
அந்த பீஸில் மை திட்டாக நின்றுபோனதும்
சென்னியப்பன் கத்தியதும் தனிக்கதை.

மறுநாள் அவன் போனை நீட்டினான்.
செங்கல் சூளை ஓரம் மூன்று ஆண், ஒரு பெண்,
கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரம்,
கம்பி ஒன்று குறைந்த கிட்டார்.
எண்ணிக்கை நாற்பத்தொன்று.
"மாமா பையன்" என்றான்.
யாரைக் காட்டினான் என்று தெரியவில்லை.
மூன்று தடவை கேட்டேன்.
முதல் தடவை, உண்மையைச் சொன்னால், மரியாதைக்கு.

கொக்கு ஆர்டர் மறுபடி வரவில்லை.
புள்ளி வைத்த எழுத்துகளின் ஊரில்
யாராவது பனியனை உள்பக்கம் திருப்பினால்
பதினேழு என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும்.
பிய்த்துப் போட்டிருப்பார்கள்.
நேற்றுப் பார்த்தேன், முந்நூற்று எண்பது.
அதில் எத்தனை நானே என்பது வேறு விஷயம்.

ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூமில் துவைக்கிற சத்தம்.
லாரித் தண்ணி, ஆளுக்கு நாலு பக்கெட்.
உள்ளே சாரதாமணி எதையோ முனகுகிறாள்,
தெரியாத மொழியைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டு.
துணி அடிக்கிற கை
தப்ப வேண்டிய இடத்தில் தப்புகிறது.

அன்றைக்கு அவள் அதுவரை கேட்கவே இல்லை.
பக்கெட்டைக் கீழே வைக்காமல் நிற்கிறேன்.