இரண்டாவது பசை

பல்லில் இருந்த கல்லையெல்லாம் எடுத்துவிட்டு
டாக்டர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.
மிச்சம் என் வேலை.

இருபத்தேழு பற்கள்.
பத்து வருஷக் காரை உதிர்ந்த இடங்களில்
ஈறு சிவந்து, இன்னும் மிரண்டிருந்தது.

அட்டையில் பெயர்: குணவதி.
வயது நாற்பத்தொன்று. செவ்வாய்ப்பேட்டை.
தொழில் என்ற கட்டத்தில்
‘பாலீஷ்’ என்று ஒரே சொல்.
என் அட்டையை நான் நிரப்பினாலும்
அதையேதான் எழுத வேண்டும் என்று
அப்போது தோன்றவில்லை.

சுண்டுவிரல் நுனியளவு ரப்பர் கிண்ணி.
அதில் பசையைத் தொட்டேன்.
புதினா வாசம் ஏற்றிய மணல், அவ்வளவுதான்,
கம்பெனிக்காரர்கள் நீளமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள்.
மிதியை அழுத்தியதும் மோட்டார் முனகியது.

மணி ஒன்றே கால்.
வெளியே பெஞ்சில் ஆறு பேர்.
அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்கிற பஸ்களின் ஹாரன் எல்லாம்
என் முதுகில்.
கொஞ்சம் அழுத்தினேன்.
அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்று
கை தானாக நினைத்துக்கொள்கிறது.

அவருடைய வலது கை
கைப்பிடியிலிருந்து எழுந்தது.
தடுக்கவில்லை.
உள்ளங்கை தரையைப் பார்க்க
காற்றில் இரண்டு தரம் தாழ்ந்தது,
பால் பொங்கும்போது
அடுப்பைக் குறைக்கச் சொல்வது போல.

காலைத் தளர்த்தினேன்.
விரல் மடிப்புகளில் கறுப்பு,
எந்தச் சோப்புக்கும் அசையாத கறுப்பு.
கொலுசு விட்டுப்போனது
அங்கே வந்து தங்கியிருந்தது.

தொட்டு எடுத்தேன்.
தொட்டு எடுத்தேன்.
ஒரு பல்லில் மூன்று நொடி,
கிண்ணியின் விளிம்பு தானே விரிந்து
ஈறின் ஓரம்வரை போய்த் திரும்புகிற அளவு.
சூடேறுமுன் அடுத்தது.
படிக்கும்போது சொல்லிக்கொடுத்ததுதான்,
வண்டித் தவணைக்கும் வாடகைக்கும் நடுவே
எங்கோ நழுவியிருந்தது.

கொப்பளித்துத் துப்பினார்.
நாக்கு உள்ளே ஒரு சுற்று வருவது
கன்னத்தின் மேலேயே தெரிந்தது.
கீழ்வரிசை முன்பற்களின் பின்னால் நின்றது.

“இங்கொரு எடம் கரகரன்னு இருக்குதுங்க.
மொத மருந்தோட நிறுத்திட்டீங்களாட்ட.
எங்க பட்டறையில மொதல்ல பழுப்புக் கட்டி,
அப்புறம் செவப்புக் கட்டி.
செவப்பு போடாமயே பளபளன்னுதான் நிக்கும்,
நாலு நாள்ல அழுக்கு வந்து உக்காந்துக்கும்.
பல்லும் அப்படிங்களா?”

பல்லும் அப்படித்தான்.
கண்ணுக்குத் தெரியாத கீறல்
டீக்குத் தெரியும்.

நைசுப் பசை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.
விலை கூட. திங்கட்கிழமைக்குப் பிறகு திறக்கவில்லை,
மூடி ஒட்டிக்கொண்டு
கையுறையோடு வர மறுத்தது.
பெஞ்சிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்,
பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.
பார்க்கட்டும்.

புதுக் கிண்ணி. மறுபடி வாய்.
எச்சில் குழாய் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருக்க
இருவரும் பேசவில்லை.
இந்த முறை அந்தக் கை
வயிற்றின் மேலேயே கிடந்தது.
கடைசிப் பல்லின் பின்புறத்தைச்
சின்னக் கண்ணாடியில் பார்த்தேன்.
விளக்கு அதில் ஒரு புள்ளியாக,
சிதறாமல்.

“இன்னிக்கு ஒருநாள்
நிறம் ஏறுற எதுவும் வேண்டாங்க.”
“தட்டுவடை செட்டு?”
“பீட்ரூட் இருக்குமே.”
“பீட்ரூட் இல்லாம வெக்கச் சொன்னா?”
“செவப்புச் சட்னி?”
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு
செருப்பைத் தேடினார்.

கதவருகே திரும்பி நின்று,
“அந்த ரெண்டாவது மருந்து
கிலோ எவ்வளவு வருங்க?” என்றார்.
கிலோக் கணக்கில் யாரும் வாங்குவதில்லை என்றேன்.
நம்பவில்லை.

அடுத்த அட்டை: லாரி பட்டறை, புகையிலை உண்டு.
இரண்டு டப்பாவையும் திறந்துவைத்தேன்.