வாட்டும் தொட்டியில்

"எரியல" என்றார் போனில்,
பல்பைச் சொல்வதுபோல.
கட்டபெட்டுப் பக்கம் எல்லோரும் கம்ப்யூட்டரை
அப்படித்தான் சொல்கிறார்கள்.
அதைத் திருத்த நான் காசு வாங்குவதில்லை.

பதினோரு நாள் மழை.
ஏழாம் நாள் போன கரண்ட்
ஒன்பதாம் நாள் வந்ததாம்.
ஃபேக்டரி ஆபீஸ் சுவரில்
போன வருஷக் காலண்டரின் மயிலுக்குக்
கழுத்துவரை பூஞ்சை.
வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
இலைப் பணத்துக்கு இருபது பேர்.
குடைகள் மட்டும் உள்ளே வந்து
மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தன.

"கணக்கு பூரா அதுக்குள்ளதான்"
என்றார் போஜராஜ்,
பக்கத்து அறையில் யாரோ
உடம்பு முடியாமல் கிடப்பதுபோல்
குரலைத் தாழ்த்தி.

முதலில் சுலபமானதைச் சந்தேகிக்க வேண்டும்.
ப்ளக்கைப் பிடுங்கி வேறு பாயின்ட்டில் செருகினேன்.
டெஸ்டரின் வயிற்றில் சிவப்பு எரிந்தது.
யூபிஎஸ்ஸை ஒதுக்கி நேராய்க் கொடுத்து
பெரிய பட்டனை அமுக்கினேன்.
விசிறி அரைச்சுற்று சுற்றியிருந்தாலும்
நம்பிக்கை வைத்திருப்பேன்.

நாலு திருகு, ஒரு தகடு.
உள்ளே இருந்தது தூசி இல்லை, சேறு.
தேயிலைத் தூள் பனியைக் குடித்து
இறக்கைகளில் அப்பிக் கிடந்தது.
"டஸ்ட் கிரேடு, ஏலத்துக்கு அனுப்பலாம்" என்றார்.
நாங்கள் இருவரும் சிரித்தோம்.
ஜன்னல் சிரிக்கவில்லை.

வயர்க் கொத்தைக் கழற்றி
பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி
பச்சைக்கும் கறுப்புக்கும் பாலம் போட்டேன்.
எஸ்எம்பிஎஸ் விசிறி ஓடியது.
ஆக, உலையில் சோறு இருக்கிறது,
வாய்தான் திறக்கவில்லை.

ராமைக் கழற்றி அதன் பொன்பல் வரிசையை
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தேன்.
போர்டு தொட்டால் சில்லென்றிருந்தது,
ஆடி மாதத்துத் தலையணைபோல.
"ஹேர் டிரையர் இருக்கா?"
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
ஜன்னலிலிருந்து ஒரு பெண்,
பெயர் மாதியம்மா என்று பிறகு தெரிந்தது,
"மேல அவ்ளோ பெரிய டிரையர் ஓடுதே" என்றாள்.

மாடியில் வாட்டும் தொட்டி.
நூறடி நீளத்துக்குப் பச்சை இலை,
வலைக்கு அடியிலிருந்து வெதுவெதுவென்று காற்று.
ஒரு முழம் இலையை ஒதுக்கி
மதர்போர்டைப் படுக்கவைத்தோம்.
முக்கால் மணி நேரம்.
சுற்றிலும் இலைகள் துவண்டன,
அது துவளவில்லை.
மாதியம்மா இரண்டு முறை ஏறி வந்து
புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்,
இலைக்குப் பார்க்கிற அதே பதம்.
முந்நூற்றுப் பத்து கிலோவுக்கு
அவளுக்கு வர வேண்டியிருந்தது.

கீழே கொண்டுவந்து பூட்டி
பெரிய பட்டனை அமுக்கினேன்.
ஒன்றுமில்லை.
அந்த நேரத்தில் யாரும் எதுவும் சொல்லாதது
எனக்குப் பிடித்திருந்தது.

பிறகுதான் தோன்றியது,
முதலிலேயே தோன்றியிருக்க வேண்டியது:
பட்டனே செத்திருந்தால்?
அதன் வயரைப் பிடுங்கிவிட்டு
போர்டில் துருத்திய இரண்டு ஊசிகளையும்
திருப்புளி நுனியால் ஒருசேரத் தொட்டேன்.
ஒரு பீப்.
இருபது பேரும் கேட்டார்கள்.

திரையில் தேதி
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
உள்பேட்டரியும் தீர்ந்திருந்தது.
"அப்ப கிலோ என்ன விலை?" என்றது ஒரு குரல்.
"இதே விலைதான்" என்றது இன்னொன்று.
நான் இன்றைய தேதியை அடித்தேன்.

புது சுவிட்சுக்குக் கோத்தகிரி போக வேண்டும்,
மண்சரிவில் பஸ் இல்லை.
ரீசெட் பட்டனின் வயரை
பவர் ஊசியில் மாட்டினேன்.
"இனிமேல் பெரியது சும்மா.
சின்னதை அமுக்குங்க, எரியும்."
ஆமாம், எரியும் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் ஒன்பது பத்துக்கு போன்.
"எரியல."
"சின்னது, சார்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்து மழை மட்டும்.
அப்புறம் பீப்.
அவர் போனை வைக்கவில்லை.
குடைகளை மடக்கும் சத்தம்,
ஒரு பெயர்,
பிரிண்டர் முதல் தாளை இழுப்பது.