பூ என்றால் நண்டு

சுங்கை டுவா, ஒன்பதாவது மாடி.
கதவைத் திறந்தவள் தன் பெயர் பூ என்றாள்.
எந்தப் பூ என்று கேட்டேன்,
எங்கள் ஊர்ப் பழக்கம்.
இரு கைவிரல்களையும் இடுக்கியாக்கிக்கொண்டு
பக்கவாட்டில் நாலடி நடந்து காட்டினாள்.
நண்டு.
சொங்க்லாவில் கடலோரம் பிறந்தவளுக்கு
நண்டென்று பெயரிட்டிருக்கிறார்கள், செல்லமாய்.

நான் தூத்துக்குடி.
கருவாட்டு வாடையிலோ காரத்திலோ
யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாமென்று
முதல் நாளே சொல்லிவைத்தேன்.
அவள் மறுக்கவில்லை.
மண் உரலைத் தரையில் இருத்தினாள்.
பூண்டு, மிளகாய், காராமணி, காய்ந்த இறால்,
பனைவெல்லம் (எங்கள் கருப்பட்டியின் வெளுத்த தங்கை),
கடைசியில் சீவிய பப்பாளிக்காய்.
மரக் குழவியால் குத்தினாள், நசுக்காமல்,
தூங்குகிறவளைத் தோளில் தட்டி எழுப்புவதுபோல.
எத்தனை மிளகாய் என்று விரல் காட்டிக் கேட்டாள்.
கை முழுவதையும் விரித்தேன்.

அன்றிரவு ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து
அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன், நாக்கை நீட்டியபடி.
என் பாலிமர் நோட்டால் பூ விசிறினாள்.
"தூத்துக்குடி, தூத்துக்குடி" என்றாள்,
புது வசவு ஒன்றைப் பழகிப் பார்ப்பவளாய்.
கீழ்வீட்டு ஊய் அம்மாள்
துடைப்பக்கட்டையால் எங்கள் தரையை இடித்தாள்.

சனிக்கிழமைகளில் புலாவ் திக்குஸுக்கு பஸ்.
எலித்தீவு என்று அர்த்தமாம்.
தீவு எங்கே என்று தெரியவில்லை, எலி உண்டு.
சந்தையில் தேங்காய் துருவும் அண்ணன்
"பசியாறியாச்சா? சிலோனா நீங்க?" என்பார் வாராவாரம்.
இருமலுக்கு அம்மா மென்று விழுங்கச் சொன்ன அரத்தையை
பூ கட்டுக்கட்டாய் வாங்கி சூப்பில் மிதக்கவிடுவாள்.
பர்மா லேன் சயாமியர் கோயிலில்
பொன்னிறப் புத்தர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்.
பெருமாளும் இப்படித்தான் படுப்பார் என்றேன்.
"உங்கள் ஆள் எழுந்துவிடுவார்,
எங்கள் ஆள் இனி எழமாட்டார்" என்றாள்.
எதிர்ச்சாரிக் கோயிலில் பர்மியர்களின் புத்தர்
பஸ் வரட்டும் என்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரலில் ஒரே வாரத்தில்
இருவருக்கும் வருஷம் பிறந்தது.
கோயில் வாசலில் பிள்ளைகளின் தண்ணீர்த் துப்பாக்கிகளுக்குத் தப்பாமல்
சொட்டச் சொட்ட வீடு திரும்பினோம்.
பச்சடிக்கு மாங்காய் இருந்தது,
மலாக்கா வெல்லம் இருந்தது, மிளகாய் இருந்தது
(இம்முறை ஒன்றே ஒன்று).
வேப்பம்பூ இல்லை.
லிட்டில் இந்தியாவில் நாலு கடை ஏறி இறங்கியாயிற்று.
கசப்பில்லாத வருஷம் நல்லதுதானே என்றாள் அம்மா, போனில்.
அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

பூ ஃப்ரீசருக்குள் தலையை விட்டு
பனி படிந்த பையொன்றை இழுத்தெடுத்தாள்.
"சதாவ்."
பிரித்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.
தண்டோடு, குருத்தோடு, கொத்துக்கொத்தாய்
வேப்பம்பூ.
வேகவைத்து, புளியும் வெல்லமும் காய்ச்சிய குழம்பில் தோய்த்து
சுட்ட கெளுத்தியோடு தின்பார்களாம்.
வருஷத்துக்கு ஒரு சிட்டிகையென
நாங்கள் அளந்து போடுவதை
இவர்கள் தட்டு நிறையக் கேட்டு வாங்குகிறார்கள்.

அடுப்பில் இரண்டு சட்டிகள் கொதித்தன.
இரண்டிலும் ஒரே வேம்பு.
தன் சட்டியின்மேல் மீன்சாற்றுப் புட்டியைச் சாய்த்தவள்
அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
அன்று நான் சுத்த சைவம், அவளுக்கும் தெரியும்.
கெளுத்தியின் தோல் கருகி வெடித்த வாசம்
வீடெல்லாம் நடந்துகொண்டிருந்தது.
ஊற்று என்றேன்.

சாப்பிட்டு முடிக்குமுன் மறுபடி அம்மா.
"கிடைச்சுதா?"
"கிடைச்சுது. பூ குடுத்தா."
"எந்தப் பூ?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
குழம்பு வழியும் விரல்களை நண்டாக்கி
பக்கவாட்டில் நாலடி நடந்தேன்.
அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்.