மாற்று நிலையம்: ஜெய்ப்பூர்

டெல்லியிலிருந்து டோக்கியோ
ஐயாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
டோக்கியோவிலிருந்து டெல்லியும் அதுவேதான் என்பார்கள்
கணக்கு வாத்தியார்கள்.
அவர்கள் ஜனவரியில் பறந்ததில்லை.

போக ஏழேகால் மணி நேரம்.
வர ஒன்பது நாற்பது.
ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து ஒரு காற்று
மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்.
போகிறவர்களை முதுகில் கைவைத்துத் தள்ளும்,
திரும்புகிறவர்களை நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.
அதனால் திரும்பி வர எண்ணெய் அதிகம் வேண்டும்.

ஊற்றுகிறவள் அல்ல நான், எழுதுகிறவள்.
மஹிபால்பூரில் இரண்டாம் மாடி,
நான்கு திரை, ஒரு ஹீட்டர்.
எந்த விமானம் எந்த வழி, எவ்வளவு எரிபொருள்,
இறங்க முடியாவிட்டால் எங்கே?
முதலில் என் கையெழுத்து, பிறகுதான் கேப்டனுடையது.

நீ அனுப்பிய செய்தியில் விமான எண் இருந்தது.
'வியாழன் நள்ளிரவு இறங்குகிறேன்,
வெள்ளி பத்தரைக்கு சாகேத் கோர்ட்.'
அன்று எனக்கு எந்த ஷிப்ட் என்று நீ கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பெயர்கள் என் திரைக்கு வராது.
எடைதான் வரும்.
ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ, கைப்பை உட்பட,
அப்படி ஒரு விதி.
நீ அறுபத்தொன்று. பையில் எப்போதும்
ஒரு சட்டை, ஒரு சார்ஜர்.
பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுதலாகத்தான்
உன்னைச் சுமந்துகொண்டிருக்கிறேன், உதயச்சந்திரன்,
காகிதத்தில்.

முனிர்காவில்
சமையலறைக்கும் பால்கனிக்கும் பதினொரு அடி.
கூப்பிட்டால் ஒரு 'ம்' வந்து சேர
சில நாள் முழு மாலையும் ஆகும்.
எதிர்க்காற்று யார் பக்கமிருந்து வீசியது என்று
சமரசம் பேச வந்த அம்மாள்
மூன்று அமர்விலும் வேறு வேறு வார்த்தையில் கேட்டார்.
நீ கண்ணாடியைத் துடைத்தாய்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
வெளியே ஒரு குரங்கு
யாருடைய வழக்கையோ தாள் தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தது.

இரவு பன்னிரண்டுக்கு அடர்பனி என்றது வானிலைக் குறிப்பு.
ஓடுபாதையில் நூற்றைம்பது மீட்டர்தான் தெரியுமாம்,
கூப்பிடு தூரம்கூட இல்லை.
மாற்று நிலையம்: ஜெய்ப்பூர்.
(லக்னோவை நம்ப முடியாது.)
வானத்தில் வட்டமிட நாற்பது நிமிட எண்ணெய்.
மற்ற விமானங்களுக்கு அன்று முப்பதுதான் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'பனி' என்று எழுதினேன்.

ஒன்பதுக்கு ஷிப்ட் முடிந்தது.
ஸ்வெட்டரைப் போட்டேன், கழற்றினேன்,
யாரோ ஆறவிட்டிருந்த டீயைக் குடித்தேன்.
பதினொன்று ஐம்பதுக்கு உன் புள்ளி
ஊருக்கு வெளியே ஒரு முட்டை வடிவில் சுற்றத் தொடங்கியது.
ஒரு சுற்று.
இன்னொன்று.
முப்பத்துநான்கு நிமிடம் கழித்து
புள்ளி தரையில் நின்றது.

மிச்சம் ஆறு நிமிடம்.
அதை யாரும் இறக்கிக் கொடுப்பதில்லை,
டேங்கிலேயே கிடக்கும்.
இரண்டு மணிக்கு அதே விமானத்தில் ஏறி
வேறு யாரோ கிழக்கே போவார்கள்,
ஏழேகால் மணி நேரத்தில்.