நாலாவது பாட்டின் மிச்சம்

மொறிஸ் மைனருக்குப் பக்கக் கண்ணாடி தேடி
பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.
கார்பரேட்டர்களுக்கும் ஹோர்ன்களுக்கும் நடுவே
மழைக்கு ஒதுங்கினவர்கள்போல
அந்த நாலு பேரும் நின்றார்கள்.

டின் ஆல்மனக். எழுபத்திரண்டாம் ஆண்டு.
இங்கிலாந்தின் வடக்கில் ஏதோ ஒரு மீன்வாடைத் துறைமுகம்.
நீளத் தலைமயிர், நீளக் கோட்டு,
ஒருவன் மட்டும் வெறுங்காலோடு.
முதல் இசைத்தட்டு.
அடுத்ததற்குக் காசு போட
ஒருத்தரும் முன்வரவில்லையாம்.

"கீறல் கிடக்கு சேர்" என்றார் நிலாம்தீன்.
"ரெண்டாயிரம். கண்ணாடியோட எண்டால் ஆயிரத்து எண்ணூறு."

எனக்கு இந்தத் தட்டைத் தெரியும்.
தட்டை அல்ல, அதன் ஒரு பக்கத்தை.
அதுவும் முழுதாக இல்லை,
மூன்று பாட்டும் நாலாவதில் ஒரு சொல்லும்.

எழுபத்தெட்டு. பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் சமறி.
ஆறு கட்டில், ஒன்பது பேர்,
ஞாயிறு மட்டும் இறைச்சி.
துறைமுகக் கந்தோர் கிறிசோஸ்தம்
மெல்பேர்னுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த
ஒரு பறங்கிச் சிநேகிதியிடம்
ஒரு பின்னேரத்துக்கு இரவல் வாங்கிவந்தான்.
பிளேயரும் இரவல்.
கசெற் மட்டும் சொந்தம்,
அதில் ஏற்கெனவே அவன் தமக்கையின் கலியாண வீட்டு பாண்ட் இருந்தது.

ஒலிவாங்கியைக் கதிரையில் நிறுத்திவிட்டு
"ஒருத்தரும் மூச்சுவிடப்படாது" என்றான்.
நாங்கள் விடவில்லை.
காலி வீதி விட்டது. கடல் விட்டது.
மூன்றாவது பாட்டின் நடுவில்
பாணந்துறை ரயில் வந்து
முழுசாய் நாற்பது விநாடி போனது.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
கிணற்றடியிலிருந்து சிவகடாட்சத்தின் குரல்:
"சோப்பை ஆர் எடுத்தது?"

நாலாவதில் பாடுகிறவன்
"இஃப்" என்றான்.
டக். நாடா முடிந்தது.

அந்த இஃப்புக்குப் பின்னால்
என்னவெல்லாம் போட்டுப் பார்த்திருப்பேன்!
பதவியுயர்வு. செவ்வாய் தோஷம். விசா.
எண்பத்துமூன்றில் சமறியோடு கசெற்றும் எரிந்தது.
ஆட்களை எண்ணிக்கொண்டிருந்த கிழமையில்
கசெற்றை யார் எண்ணுவது?
கிறிசோஸ்தம் செத்துவிட்டான் என்றார் கனடாவில் ஒருவர்.
இன்னொருவர், போன மாதம்தான்
அவனோடு சண்டை பிடித்ததாகச் சொன்னார்.

நிலாம்தீனின் பிளேயர் லொறி பற்றரியில் ஓடியது,
ஸ்பீக்கர் ஏதோ ஒரு வானின் கதவிலிருந்து கழற்றியது.
ஊசி இறங்கியதும்
கலியாண வீட்டுக் கிளாரினெட்டுக்காகக் காத்திருந்தேன்.
அது இல்லாமலே தொடங்கினார்கள், மரியாதை தெரியாதவர்கள்.

மூன்றாவது பாட்டு.
ரயில் வரவேண்டிய இடத்தில்
ரயில் வரவில்லை.
அங்கே ஒரு கிற்றார்,
படுத்திருப்பவர்களை மிதிக்காமல்
இருட்டில் தண்ணீர்க் குடத்தைத் தேடுகிற மாதிரி
ஒவ்வொரு தந்தியாய்த் தொட்டுக்கொண்டு போனது.
இத்தனை வருஷமும் தண்டவாளத்துக்குக் கீழே
அவன் இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அது முடிய, என் வாய் தானாகவே
"சோப்பை ஆர் எடுத்தது?" என்றது.
"என்ன சேர்?"
"ஒண்டுமில்லை."

பிறகு அந்த இஃப்.
ஊசி ஒருதரம் கீறலில் துள்ளி
இஃப், இஃப் என்றுவிட்டு
மேலே போனது:
மழை விட்டால்
பக்கத்து வீட்டு ஏணியைத் திருப்பிக் கொடு.
அவ்வளவுதான்.
மத்தளக்காரன் ஓர் அடி தவறவிட
நாலு பேரும் சிரிக்கிறார்கள்,
அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

மறுபக்கத்தைத் திருப்ப முதல்
யாரோ நிசான் ஹோர்ன் கேட்டு வந்தார்.

மருதானையில் தெகிவளைக்கு ரயில் ஏறினேன்,
நெஞ்சோடு தட்டு.
கண்ணாடியைக் கடையிலேயே மறந்துவிட்டேன்
என்பது கொள்ளுப்பிட்டியில்தான் ஞாபகம் வந்தது.
சமறி நின்ற இடத்தில் இப்போது பதின்மூன்று மாடி.
அதைத் தாண்டும்வரை விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்றில் எண்ணிக்கை தவறியது,
பக்கத்தில் தொங்கிக்கொண்டு நின்ற பெண்
"என்ன பாட்டு?" என்றாள்.

"இங்கிலிஸ்" என்றேன்.
"ரயில் இல்லாதது."