முப்பதில் பதினேழு

கதவு நெடுங்கேணிக் காட்டுக்குள் கிடந்தது.
காடு என்றால் குகநேசனுக்குக் கோபம் வரும்.
தோட்டம் என்றாலும் வரும்.
காணி என்பார். முப்பது ஏக்கர்.
தென்னை நானூறு, கச்சான் ஒரு போகம்,
எண்பத்து நாலில் பூட்டிவிட்டுப் போன களஞ்சியம்.
திரும்பி வந்தபோது
பூட்டு இருந்தது, கதவு இருந்தது,
சுவர் இல்லை.

தென்னையில் பதினொன்று மிச்சம்.
பாலையும் வீரையும்
எவரையும் கேளாமல் குடியேறியிருந்தன.
களஞ்சியத்தின் சீமெந்துத் தரையில்
கரடி எச்சம், நிறையப் பாலைக் கொட்டை.
"டோசர் ஒண்டு பிடிப்பம்" என்றான் மச்சான்.
அவர் எச்சத்தைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.
"நான் நட்டதில பதினொண்டுதான் தப்பினது.
இது நட்டதெல்லாம் தப்பியிருக்கு.
விடு."

விட்டார்கள். ஒன்பது மாரி.

பிறகு திணைக்களம் மஞ்சள் கல் நட்டது.
மரம் நின்றால் அரசாங்கக் காடாம்.
கச்சேரியில் அவர் சொன்னார்:
"காடுதான் ஐயா. ஆனா என்ர காடு."
அப்படியொரு படிவம்
அவர்களிடம் இருக்கவில்லை.

நில அளவையாளருக்குக் காசு வேண்டும்.
அதற்காகத்தான் கதவு என்னிடம் வந்தது,
லாண்ட்மாஸ்டர் பெட்டியில், மல்லாந்து.

மாரி முழுக்கச் செதுக்கினேன்.
முதிரை லேசில் விடாது. உளி இரண்டு போயிற்று.
பின்னங்காலில் எழும்பிப் பழம் தேடும் கரடி.
சாவித்துவாரம் சரியாய் அதன் விலாவில்.
மெழுகால் அடைத்தேன், மரத்தூளால், பசையால்.
ஒவ்வொரு தாளிலும் அடைப்புத் தெரிந்தது.
கடைசியில் நோண்டியெடுத்தேன்.
இப்போது கரடிக்குள் ஒரு வெள்ளைத் துளை,
உள்ளேயிருந்து யாரோ
வெளியே பார்க்கிற அளவு.

மை உருட்டி, தாள் விரித்து,
சோற்றுக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன்.
ஒரு பிரதிக்கு ஒரு மணித்தியாலமும் ஒரு தோள்மூட்டும்.
முப்பது பிரதி, ஏக்கருக்கு ஒன்று,
கீழே பென்சிலால் இலக்கம்.

வவுனியாவில் ஒரு வங்கி முகாமையாளர்,
லோகநாயகி, பதினேழாவதைத் தூக்கிப் பிடித்து
"பதினேழாம் ஏக்கர் எது?" என்றார்.
விளையாட்டாய்த்தான் கேட்டார்.
குகநேசன் கண்ணை மூடி நடந்து பார்த்தார்.
"தூர்ந்த கிணத்தடி.
மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிண்டது,
இப்ப பலகை இல்லை.
எடுத்தவங்கள் மிதிவெடியையும் எடுத்தவங்களோ தெரியாது.
நாங்கள் போறேல்லை. கரடி போகும்."
அவர் விலை பேசவில்லை.
காசை எண்ணி வைத்துவிட்டு
"நானும் போகன்" என்றார்.

முப்பது முடிந்தால் கட்டையை அழிக்கவேண்டும்.
குறுக்கே ஆழமாய் ஒரு கோடு,
இனி எவரும் அச்செடுக்காதபடி.
அதுதான் தொழில் ஒழுங்கு.
உளியை வைத்தேன், எடுத்தேன்.
இரக்கம் என்று நினைக்கவேண்டாம்,
தோள் நோ.

கதவைக் காணிக்கே கொண்டுபோய்ப்
பழைய நிலையில் மாட்டினோம்.
பிணைச்சல் இரண்டு தரம் முனகியது.
"பூட்டட்டோ?" என்று கேட்டேன்.
அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.
இரண்டு பக்கமும் வீரை.

ஆனியில் போனபோது
முள்ளம்பன்றி கடித்திருந்தது.
கதவு முழுவதையும் அல்ல.
என் உள்ளங்கை வியர்த்து ஊறிய இடங்களை மட்டும்,
உப்புக்காக:
கரடியின் பிடரி, பாலையின் அடி,
நான் இடக்கை ஊன்றும் கீழ்மூலை.
பல்லுக்குப் பல் சீராய், என் உளியைவிட.
அழித்தாயிற்று. ஒழுங்கு காக்கப்பட்டது.
அதிலே ஒரேயொரு தாள் எடுத்தேன்.
இலக்கம் போடவில்லை,
கையெழுத்தும் என்னுடையதல்ல.

வழக்குத் தவணை ஆவணிக்குப் போயிருக்கிறது.
அளவையாளரின் வரைபடம் வந்துவிட்டது.
முப்பது ஏக்கர் இல்லை,
இருபத்தொன்பதும் சொச்சமும்.
கிணற்றடிக்குக் கிட்டவாக
அவருடைய கோடு சட்டென்று வளைந்து,
சுற்றி, அப்பால் போய்ச் சேருகிறது.
நடுவில் கொஞ்சம் வெள்ளைத்தாள்.

குகநேசன் அதில் விரலை வைத்துப் பார்க்கிறார்.
எடுக்கிறார்.