ஸ்பைக்

நாகலூர் எஸ்டேட் டைரியில்
மார்ச் ஒன்பது: ஸ்பைக் பிடித்துவிட்டது.
காப்பிக் கணுக்களில் வெளிர்பச்சை ஆணிகள்
ஒரு மழைக்கு வாயை இறுக்கி நிற்கின்றன.

போன மாதம் வேலியோரச் சந்தனத்துக்கும்
அதே சொல்லைத்தான் எழுதினேன்.
இலை சிறுத்து விறைத்து முள்ளாகும் நோய்.
அதற்கு எந்த மழையும் ஆகாது.

"பூக்கப் போறதுக்கும் சாகப் போறதுக்கும்
ஒரே பேரா ரைட்டரே?" என்றாள் சடைச்சி,
கவாத்துக் கத்தியைத் துடைத்தபடி.

அகராதியைப் புரட்டினேன்.
லத்தீனில் தானியக் கதிர்,
வடகடல் பக்கம் பெரிய ஆணி.
இரண்டும் எங்கே ஒட்டின என்று
அதற்கும் சரியாகத் தெரியவில்லை.

ஒன்பதரைக்குக் கிழக்கே சித்திரை எழுந்தது.
அந்த வெள்ளிக்கும் அவர்கள் வைத்த பேர் கதிர்தானாம்.
சடைச்சியிடம் காலையில் சொல்ல வேண்டும்.
மழைமானியில் சுழியம்.
பேனாவை மூடவில்லை.